மேப்பிள் மரத்துக்குப் பதியம்

எங்கள் வீட்டுக்காரர் ஒகாவா-சான் காலையில் தன் பல்லைத் துலக்குகிறாரோ இல்லையோ, தன் மரத்துக்குத் துலக்கிவிடுவார். இது ஜப்பானில் கோபே நகரம். மரம் என்றால் முழங்கை உயரச் சிவப்பிலை மேப்பிள். தட்டு மாதிரித் தொட்டியில் நாற்பது வருஷமாக நிற்கிறது. பழைய பிரஷ்ஷை நனைத்து, மண்ணுக்கு மேலே தெரிகிற வேர்களை ஒவ்வொன்றாகத் தேய்ப்பார். அந்த மேல்வேருக்கு ‘நெபாரி’ என்று பேர். மாடியில் குடியிருக்கும் நான், உசிலம்பட்டிப் பக்கத்துப் புஞ்சைச் சம்சாரி மகன், இப்போது பம்ப் கம்பெனியில் ஃபிட்டர், டீ டம்ளரோடு வேடிக்கை பார்ப்பேன். எங்கள் ஊரில் மாட்டைக் குளிப்பாட்டுவோம். மரத்துக்குப் பல் விளக்கி நான் பார்த்ததில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம், வசந்தம் முடிகிற நேரம், அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “நே சரியில்லை. இந்த வருஷம் மாற்றப் போகிறேன்.” எனக்குத் தெரிந்த ‘நே’ என்றால் விலை; கடைவீதியில் தினமும் காதில் விழுகிற சொல். வாடகையை ஏற்றப் போகிறார் என்று முடிவு கட்டி, ஒரு வாரம் பின்படி வழியாகவே ஏறி இறங்கினேன். கடைசியில் பொறுக்க முடியாமல், “போன வருஷம்தானே மாற்றினீர்கள்?” என்று கேட்டேவிட்டேன். “இல்லையே, போன வருஷம் தொட்டியை மட்டும்தான் மாற்றினேன்” என்றார் அந்த மனிதர். ‘நே’ என்றால் வேரும்கூட என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மரத்துக்கு ஒரு பக்கம்தான் மேல்வேர். அதனால், சுற்றிலும் வேர் வரட்டும் என்று அடித்தண்டில், பழைய வேருக்குச் சற்று மேலே, பட்டையை வளையமாக உரித்து, செப்புக் கம்பி கட்டி, பாசியும் மண்ணும் குவித்து மூடினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பதியம்! மாதுளைக்கு நாங்கள் போடுவதுதானே என்று அளந்தேன். “வேர்விட்டதும் பழைய வேரை அறுத்து எறிந்துவிடுவேன்” என்றார். நான் துடித்துப்போனேன். அரைகுறை ஜப்பானிய மொழியில் வேரின் மகிமையைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். தலையாட்டிக்கொண்டே கம்பியை முறுக்கினார். புலம்பெயர்ந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாவது வாக்கியத்தில் வேர் வந்துவிடும். ஊரில் இருந்தவரை நான் களைக்கு மேல் எதைப் பற்றியும் பேசியவனில்லை.

அந்த வாரமே தம்பி செல்வத்தின் கடிதம் வந்தது. அப்பா போன பிறகு மானாவாரிப் புஞ்சை எங்கள் இருவர் பேரிலும் கிடந்தது. இரண்டு வருஷமாக மழை இல்லை. அவன் வெல்டிங் பழகியிருந்தான்; நிலத்தை விற்று அவனியாபுரத்தில் பட்டறை போட வேண்டும், என் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தான். நான் நாலு பக்கம் பதில் எழுதினேன். நிலம் நம் வேர், அதை விற்பாயா என்று. போன லீவில் முப்பது நாள் விளாங்குடி மாமனார் வீட்டு ஃபேனுக்குக் கீழே இருந்துவிட்டு, அந்த வேரைப் பார்க்க நான் போனது ஒரே ஒரு மணி நேரம். கூலிங்கிளாஸைக் கழற்றாமல் போட்டோ எடுத்துக்கொண்டு அடுத்த டவுன் பஸ்ஸில் திரும்பினேன்.

ஆகஸ்டில் ஒகாவா-சான் பாசியை விலக்கினார். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் புது வேர். அதற்குக் கீழே ரம்பத்தால் அறுத்து, பழைய அடிக்கட்டையை என்னிடம் கொடுத்து எறியச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. பிளாஸ்டிக் வாளியில் நட்டேன். அது ஒரு மாதத்தில் துளிர்த்தது, ஆனால் பச்சையாக! வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அது இந்த மரத்தின் வேரே இல்லை. காட்டு மேப்பிளின் வேர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாற்றுக்காரன் அதன்மேல் இதை ஒட்டினான்.”

அன்று மாலை தம்பியின் பதில் வந்திருந்தது. “அண்ணே, வேரு வேருன்னு நாலு பக்கம் எழுதிருக்க. அந்த வேருக்கு நான்தான் மண்ணா? நீ என்னைக்காச்சும் வந்து போட்டோ எடுக்க, நான் இன்னும் எம்புட்டு நாளைக்கு வெயில்ல காவக் காக்குறது? எனக்கும் ரெண்டு பிள்ளைக இருக்கு.”

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, அவன் சொன்னது சரி என்பதால். மறுவாரம் தூதரகத்துக்குப் போய் பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பொங்கல் கழித்து எழுதினான்: “பட்டறை போட்டாச்சுண்ணே. வீடும் இங்கனயே பாத்துட்டோம். லீவுக்கு வந்தா நேரா அவனியாபுரம் வந்துரு. பழைய நெனப்புல உசிலம்பட்டி பஸ்ஸுல ஏறிறாத. அங்க நமக்கு ஆரும் இல்ல.”

அந்த மாதம் வெளிநாட்டார் பதிவு அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். படிவத்தில் சொந்த ஊர் முகவரிக்கு ஒரே ஒரு வரி. கை தன்பாட்டுக்கு உசிலம்பட்டி என்று எழுதிவிட்டது. அடித்துவிட்டு, பக்கத்தில் நெருக்கி, அவனியாபுரம் என்று எழுதினேன். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தைத் திருப்பித் தந்து, அடித்த இடத்தில் விரலை வைத்தாள். இங்கே அது சட்டம்: எதை அடித்தாலும், அடித்தது நான்தான் என்று அதன்மேல் ஒப்புக்கொள்ள வேண்டும். உசிலம்பட்டியின் மேல் இன்னொரு கையெழுத்துப் போட்டேன்.