நாலிக்குப் போகாத எண்ணெய்

தகரக் கூரையில் மழை கொட்டும் இரைச்சலுக்கு நடுவே, மீன் பொரித்த எண்ணெயும் நனைந்த சாக்கும் கலந்த ஒரு வாடை வரும். சுனாமிக்குப் பிறகு எங்கள் தீவில் வண்டூர்ப் பக்கம் எங்களைக் குடிவைத்த தகர ஷெல்டர்களின் வாடை அது. வீட்டையும் அப்பாவின் மீன்பிடி 'டிங்கி'ப் படகையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோய்விட்டதால், அம்மா வாசலில் அடுப்பு வைத்து, புது வீடு கட்ட வந்த கூலியாட்களுக்கு பஜ்ஜி போட்டு விற்றாள். எங்கள் எல்லார் வயிறும் அந்த இரும்புச் சட்டியை நம்பித்தான் இருந்தது.

ஷெல்டர் வரிசைக்குப் பின்னால் சிமெண்ட் பலகை போட்டு மூடிய சாக்கடை ஒன்று ஓடியது. தீவு இந்தியில் அது 'நாலி'. குழாயடியில் ஓயாமல் சண்டை போட்ட வங்காளி, தெலுங்கர், தமிழர் எல்லாரும், மிஞ்சிய எண்ணெயையும் நிவாரண டால்டாவையும் நாலியில் ஊற்றுவதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை.

ஒரு மழைநாளில் நாலி அடைத்துக்கொண்டு கறுப்புத் தண்ணீர் அறைகளுக்குள் ஏறியது. கணுக்கால் அளவுதான். ஆனாலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை ஏற்கெனவே ஒருமுறை பார்த்தவர்கள் அல்லவா? பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள்.

பிறகு ஆண்கள் பலகையைப் பெயர்த்துக் கடப்பாரையால் நெம்பியபோது வெளியே வந்ததைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது. வெள்ளையும் பழுப்புமாக, கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி! நாங்கள் தினமும் கழுவிவிட்டதெல்லாம் யாருக்கும் தெரியாமல் காலடியில் ஒன்றுகூடி இப்படி வளர்ந்திருந்தது. பயமாக இருந்தது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பழி அம்மாமேல் விழுந்தது. பக்கத்து அறை வங்காளி அம்மாள், எங்களுக்குச் சித்தி முறையில் 'மாஷி', அம்மாவுக்கு அக்கா முறையில் 'தீதி', இடுப்பில் கைவைத்து நின்றார். "பஜ்ஜி பந்த் கரோ! நஹி தோ சப் டூபேகா!" பஜ்ஜியை நிறுத்து, இல்லாவிட்டால் எல்லாரும் மூழ்குவோம் என்று அர்த்தம். ஊர்வாயை அடைக்கக்கூடிய அம்மா அன்று என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "சட்டிய கவுத்தா நம்ம பொழப்பும் கவுந்துரும்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் மர அறுவை மில்லிலிருந்து ஒரு சாக்கு மரத்தூளைத் தலையில் சுமந்து வந்தாள். 'புராதா' என்பார்கள். எண்ணெய்ச் சட்டியில் அதைத் தூவித் துடைத்தாள். பிசுக்கெல்லாம் தூளில் ஏறிக்கொண்டது. அதற்கப்புறம்தான் தண்ணீர். அதோடு நின்றாளா? வாசல் வாசலாகப் போய் ஆளுக்கொரு டப்பா தூள் கொடுத்து, "தீதி, தேல் முஜே தோ, நாலி கோ மத் தோ" என்றாள், தன் ராமநாதபுரத்து இந்தியில். எண்ணெயை எனக்குக் கொடுங்கள், நாலிக்குக் கொடுக்காதீர்கள். மாஷி சிரித்தார், ஆனால் கொடுத்தார்.

எண்ணெய் ஊறிய தூளைத் தகர டப்பாவில் இறுக்கி, நடுவில் துளை விட்டு அம்மா அடுப்பாக்கினாள். அந்த அடைமழையில் மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை, மண்ணெண்ணெய் தீர்ந்தது, விறகெல்லாம் ஈரம். வரிசை முழுக்க அடுப்பு அணைந்து கிடக்க, அம்மாவின் தூள் அடுப்பு மட்டும் புகைந்து புகைந்து நின்று எரிந்தது. மாஷி பேரனுக்கான பாலை ஏந்திக்கொண்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா பஜ்ஜிச் சட்டியை இறக்கிவிட்டுப் பாலை ஏற்றினாள். எங்களை மேட்டுக்கு விரட்டிய அதே மாதிரிக் கொழுப்பின் தீயில் பால் பொங்கியதை நான் பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு பஜ்ஜியை நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

ஷெல்டர் இருந்த இடத்தில் இன்று புல் முளைத்திருக்கிறது. மில் மூடிக்கிடக்கிறது, அம்மாவும் இல்லை, மாஷியும் இல்லை. இப்போது நான் குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டில், என் சமையலறையில், புராதாவுக்குப் பதில் பழைய செய்தித்தாளால் சட்டியைத் துடைத்துவிட்டுத்தான் கழுவுகிறேன். மழை வலுத்தால் கழிவுநீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்பேன். தண்ணீர் தடையில்லாமல் இறங்கிப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் பிள்ளைகளைப் படுக்கவைக்கிறேன்.