வாசலில் கிடந்த பெல்ட்

என் வீட்டுக்காரர் சிரித்த முகமாக வீட்டுக்குள் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். சுரங்கத்தில் ஷிப்ட் முடித்துத் தலை முதல் கால் வரை புழுதியோடு வருகிற மனிதருக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? அன்றைக்கோ அவர் வேலையிலிருந்துகூட வரவில்லை. ஜெபக் கூட்டத்திலிருந்து வந்தார். அதனால் சந்தேகம் இரட்டிப்பானது.

நான் அப்படிப்பட்டவள்தான். கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்காமல் கூடையில் போட மாட்டேன். பால்காரர் ஊற்றிய பிறகு நுரை அடங்குகிறவரை அவரை நகரவிட மாட்டேன். யாராவது என்னிடம் இனிமையாகப் பேசினால் சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்றுதான் முதலில் தோன்றும்.

"எனக்கு நிச்சயம் வந்துட்டு," என்றார், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"என்ன நிச்சயம்?"

"பாவமெல்லாம் மன்னிச்சாச்சுன்னு. இன்னைக்குச் செத்தாலும் ஆண்டவர்கிட்டதான் போவேன்."

சட்டையை வாங்குகிற சாக்கில் பக்கத்தில் போய் மோந்து பார்த்தேன். சாராய வாடை எதுவும் இல்லை. பையைத் துழாவினேன். பீடிக்கட்டும் இல்லை. அது இன்னும் மோசமாகப் பட்டது.

நாங்கள் தெற்கே பனங்காட்டுப் பக்கத்துக்காரர்கள், பரம்பரைக் கிறிஸ்தவர்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் எனக்கு முறையாக நடந்தவை. ஆனாலும் மோட்சம் போவாயா என்று யாராவது கேட்டால், ஆண்டவர் சித்தம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். நிச்சயம் என்று சொல்வது மேட்டிமை என்பது என் எண்ணம். தகுதியில்லாமல் திருவிருந்து அப்பத்தை வாங்கினால் ஆக்கினைத் தீர்ப்பு வரும் என்று சின்ன வயதிலேயே பயங்காட்டி வளர்த்துவிட்டார்கள். அதனால் திருவிருந்து ஞாயிறு என்றால் விடிந்ததும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு இரண்டு கையையும் தேய்ப்பேன். நகக்கண் எரிகிறவரை தேய்த்தால்தான் கொஞ்சமாவது திருப்தி. அப்படியும் அப்பத்தை வாங்கும்போது விரலை மடக்கி நகத்தை மறைத்துக்கொள்வேன்.

அப்போது நாங்கள் மந்தாரக்குப்பத்தில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமுமாக வாடகை வீட்டில் இருந்தோம். அவர் சுரங்கத்தில் பெல்ட் செக்ஷனில் டெம்பரரி. பெர்மனென்ட் ஆகிவிட்டால் டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், மழையில் கூரைக்கடியில் சட்டி வைக்க வேண்டியிருக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நான் கனவு கண்டதெல்லாம் அந்த ஒரு குழாயைத்தான். அந்த மாதமோ அடுத்த மாதமோ பெர்மனென்ட் ஆகிறவர்களின் பெயர் வரும் என்று பேச்சாக இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இவருக்கு நிச்சயம் வந்தது.

இரண்டு நாள் கழித்து வாசலில் கால் வைத்தபோது மண் ஒட்டியது. குனிந்து பார்த்தேன். மிதியடியைக் காணோம்.

மிதியடி என்றால் கடையில் வாங்கினதல்ல. சுரங்கத்தில் மண்ணையும் கரியையும் சுமந்துபோகிற ரப்பர் பெல்ட் கிழிந்தால் வெட்டி ஒட்டுப் போடுவார்கள். மிஞ்சுகிற துண்டு யார் கையிலாவது வீடு வந்து சேரும். மந்தாரக்குப்பத்தில் பாதி வாசல்களில் அதுதான் கிடந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்காமல் இருக்கப் போடுவார்கள், செருப்புக்கு அடி தைப்பார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. புளியமரத்தடியில் பழம் பொறுக்குகிற மாதிரிதான்.

இவர் அதைச் சுருட்டி சைக்கிளில் கட்டி, எடுத்த இடத்திலேயே வைக்கிறேன் என்று கொண்டுபோயிருக்கிறார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஜெபக் கூட்டத்தில் சொன்னார்களாம்.

சுரங்கத்துக் கேட்டில் இருந்த காவல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பழக்கமெல்லாம் வெளியே போகிற பொருளுக்கு அனுமதிச் சீட்டு கேட்டுப் பிடிப்பது. உள்ளே வருகிற பொருளை அவர் பிடித்ததே இல்லை.

"வெளிய எடுத்துகினு போறதுக்குத்தான் பாஸு. உள்ள எடுத்துகினு வர்றதுக்கு இன்னா பாஸு கேக்கறது?" என்று தலையைச் சொறிந்திருக்கிறார். பிறகு அவருக்கும் என்னைப் போலவே புத்தி போயிருக்கிறது. "மடியில கனம் இருந்தாத்தான வழியில பயம். இதக் குடுத்துட்டு உள்ளேர்ந்து வேற இன்னாத்த தூக்கப் போற நீ?"

விஷயம் ஆபீசர் வரை போனது. ஒன்றைத் திருப்பித் தருகிறவன் வீட்டில் ஒன்பது இருக்கும், போய்ப் பாருங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் காவல்காரர்கள் இரண்டு பேர் எங்கள் வீட்டைச் சோதனை போட்டார்கள். பெட்டியைக் கவிழ்த்தார்கள். விறகுக் கட்டைப் பிரித்தார்கள். தொட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்கள்.

வாடகை வாங்குகிற வீட்டுக்காரம்மா பக்கத்துப் போர்ஷனிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளூர்க்காரர், நல்ல மனுஷிதான். அவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இன்னா தங்கச்சி, உங்க வூட்டுக்காரரு எதனா பெருசா கைவச்சிட்டாரா?"

"மிதியடியத் திருப்பிக் குடுத்தாவ அக்கா. அதுக்குத்தான் இவ்வளவும்."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

விசாரணை முடிகிறவரை பெர்மனென்ட் கிடையாது, பெயரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிட்டதே என்று ஒரு பாட்டம் அழுதேன். அழுகை அடங்கியதும் வழக்கம்போல் யோசிக்க ஆரம்பித்தேன். இதில் யாருக்கு லாபம்?

ஜெபக் கூட்டம் நடத்தியவரும் அதே பெல்ட் செக்ஷன்தான். அவரும் டெம்பரரிதான். ஒரே வரிசையில் நிற்கிறவர்களில் ஒருவர் விலகினால் பின்னால் இருப்பவருக்கு ஓரிடம் முன்னேற்றம். எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"வாங்க சகோதரி, ஸ்தோத்திரம், உட்காருங்க," என்றார்.

நான் உட்காரவில்லை. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே எங்களுடையதைவிட அகலமான பெல்ட் துண்டு ஒன்று, ஓரமெல்லாம் சமமாக வெட்டி, பாந்தமாகக் கிடந்தது.

"இது எந்தக் கடையில வாங்கினிய?"

அவர் குனிந்து பார்த்தார். அதுவரை அதை அவர் பார்த்ததே இல்லை என்பது போல இருந்தது அவர் முகம். "இது ஸ்கிராப்புங்க, சகோதரி."

"எங்க வீட்டுல கெடந்ததும் ஸ்கிராப்புதான். அதக் கொண்டுபோய் வைக்கச் சொன்ன ஆளு இதுல மிதிச்சுக்கிட்டுதான் தினமும் ஜெபம் பண்ணப் போறியளோ?"

அவருக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் அந்த வழியாகப் போனபோது வாசலில் பெல்ட் இல்லை. கேட்டுக்குப் போயிருக்காது, கொல்லைக்குத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒருவரைச் சந்தேகிப்பது எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

வீட்டுக்காரரின் கதை அதோடு நிற்கவில்லை. சோதனை போட வந்தவர்கள் கொடியில் தொங்கிய ஈரப் புடவையை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கொடி சுரங்கத்துக் கம்பி. அவர்கள் பார்க்கவில்லை, இவர் பார்த்துவிட்டார். அடுத்த ஷிப்டுக்குப் போகும்போது கம்பியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். பிறகு நான் இஞ்சி தட்ட வைத்திருந்த இரும்பு போல்ட். பிறகு விளக்குத் துடைக்கிற கழிவுப் பஞ்சு.

"யோவ், நீ தெனமும் ஒண்ணத் தூக்கிகினு வராதய்யா, உனக்குப் புண்ணியமாப் போவும்," என்று காவல்காரரே கும்பிட்டுவிட்டாராம்.

ஈரத்துணியை வேலியில் காயப்போட்டேன். இஞ்சியைக் கல்லால் தட்டினேன். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன், அவர் முகம் மட்டும் முதல் நாள் இருந்த மாதிரி இருந்திருந்தால். வீட்டிலிருந்து ஒவ்வொரு சாமானாகப் போகப் போக அவருடைய சிரிப்பும் கூடவே போயிற்று. சாப்பிடும்போதே எழுந்துபோய் மூலையில் எதையாவது புரட்டுவார். ஓர் ஆணியைப் பிடுங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார்.

"அதான் நிச்சயம் வந்துட்டுன்னியள, இப்ப என்னத்தத் தேடுதிய?"

"இன்னும் ஏதோ இருக்கு. நெஞ்சு குறுகுறுங்குது."

சந்தேகப்படுவது அந்த வீட்டில் என் வேலை. அதை அவர் எடுத்துக்கொண்டார், அதுவும் தன் மேலேயே. எனக்கு அந்த நிச்சயத்தின் மேலேயே கோபம் வந்தது. தினமும் ஒரு சாமான் கேட்கிற சமாதானம் என்ன சமாதானம்?

எங்களுக்கு அப்போது கோயில் கட்டவில்லை. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து ஐயர் வருவார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பள்ளிக்கூட ஹாலில் சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை, ஞாயிறு காலை திருவிருந்து. மனத்தாங்கல் இருந்தால் சனிக்கிழமையே தீர்த்துக்கொண்டு, மனதைச் சோதித்துக்கொண்டு வர வேண்டும் என்பது முறை.

அந்தச் சனிக்கிழமை பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆராதனைக்கு வரல. நாளைக்குத் திருவிருந்துக்கும் வரல."

"ஏன்?"

"இந்த அடுப்புல போன மார்கழியில என்ன எரிஞ்சது?"

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிள்ளை பிறந்தது மார்கழியில். அடைமழை விட்ட பிறகும் விறகு காயவில்லை. பிள்ளை எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டது, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி இருந்தது. சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தங்காது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவர் தினமும் சாப்பாட்டுப் பையில் சுரங்கத்துக் கரிக்கட்டி கொண்டுவந்தார். அழுகின முட்டை மாதிரி நாற்றமடித்துக்கொண்டு அது எரியும். சட்டியில் தணல் அள்ளிக் கட்டிலுக்கடியில் வைப்பார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீடு மட்டும் சூடாக இருந்தது. பிள்ளை தங்கியது.

"கம்பியக் குடுத்தேன், போல்ட்டக் குடுத்தேன். எரிச்ச கரிய எங்க கொண்டு வைக்க? சாம்பல அள்ளிக்கிட்டுப் போகவா?"

"அதுக்கு என்ன வெல உண்டோ, சொல்லிக் கட்டிருங்க."

"கட்டினா சரியாயிருமா?" சுள்ளியால் தீயைக் கிளறினார். "இன்னொரு மார்கழி வந்து, பிள்ள அப்படிக் கெடந்தா, மறுபடியும் எடுப்பேன். அது எனக்கே நல்லாத் தெரியுது. பிறகு எந்த முகத்தோட மன்னிப்பு கேக்க?"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அவர் மேலா, கூட்டம் நடத்தியவர் மேலா, என்னைப் பயங்காட்டி வளர்த்தவர்கள் மேலா என்று தெரியவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே கத்திவிட்டேன்.

"அப்ப ஆண்டவரு எதுக்குச் செத்தாரு? கம்பிக்கும் போல்ட்டுக்கும் கேட்டுல ஆளு இருக்கான், போய்க் குடுத்துட்டு வந்திரலாம். திருப்பிக் குடுக்க முடியாததுக்குத்தான சிலுவை. நீங்க கொண்டு வைக்க முடியாததத்தான் அவரு கொண்டுபோனாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. பிறந்ததிலிருந்து பிரசங்கத்தில் கேட்டதுதான். ஆனால் அதை நான் என் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கத்தரிக்காயை நான் பார்க்கிற பார்வை அது.

"நீ அத நம்புதியா?"

உடனே பதில் சொல்லிவிடலாம். பொய் சொல்ல மனமில்லை. சொன்னதை மனதுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். எங்கேயாவது புழு துளைத்திருக்கும் என்று தேடினேன். இல்லை.

"இப்பத்தான் நம்புனேன்," என்றேன்.

அவர் அழுதார். நானும் அழுதேன். வெந்நீர் கொதித்து அடுப்பில் வழிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆயத்த ஆராதனை பாதிக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. கூட்டம் நடத்துகிறவர் முன் பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வரும்போது, நான் அன்றைக்குப் பேசினது அதிகப்படி என்று சொன்னேன். "இல்ல சகோதரி, நியாயந்தான்," என்றார். அவரை அதற்குப் பிறகும் நான் முழுக்க நம்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

பெர்மனென்ட் அந்த முறை வரவில்லை. அடுத்த தடவை, மற்றவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தது. கர்த்தர் செய்த அற்புதம் என்று அதைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை. வேலை கிடைத்ததால் வந்த நம்பிக்கை வேலை போனால் போய்விடும் என்பது என் சந்தேகம்.

எனக்குச் சாட்சி சொல்ல இருந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். காலையில் பிள்ளை அழுததில் நேரமாகிவிட்டது. சாம்பலும் நாரும் எடுக்க மறந்துபோனேன். முழங்கால் போட்டுக் கையை நீட்டியபோதுதான் கவனித்தேன், நகக்கண்ணெல்லாம் அடுப்புக் கரி. பக்கத்தில் அவரும் கையை நீட்டியிருந்தார். சுரங்கத்தில் வேலை செய்கிறவர் கை எப்படி இருக்கும், அப்படியே இருந்தது. ஐயர் எங்கள் முன்னால் வந்து நின்றார். நான் கையை மடக்கவில்லை. அப்பத்தை அவர் என் கையில் வைத்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வாயில் போட்டேன்.