அஞ்சரைக்கு ஆறு மில்லிமீட்டர் குறைவு

பழைய கட்டடங்களை இடிப்பதுதான் அவள் பிழைப்பு. பதினாறு பேர் கொண்ட கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். அறுபத்துமூன்று வயதிலும் சம்மட்டியைச் சுழற்றி ஒரு போடு போட்டால் செங்கல் சுவர் பல்லிளித்துவிடும். கூட்டத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'இடி'. ஒருமுறை மேற்பார்வையாளன் ஒருவன் ஒரு கூலியாளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் அவன் மூக்கில் ஒரு குத்து விட்டு, மணல் குவியலில் தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, "இன்னொரு தடவை கை நீளுமா?" என்று கேட்டாள். மூக்கில் ரத்தம் கொட்டக் கொட்டத் தலையாட்டினான். அதன்பிறகு அவன் கை நீளவில்லை.

அவளுடைய தம்பியும் அதே கூட்டம்தான். இருவருக்கும் நாற்பது வருஷ சிகரெட் பழக்கம். முதுகுவலி என்று ஸ்கேன் எடுக்கப் போன தம்பிக்கு, வயிற்றுக்குள் இறங்கும் பெரிய ரத்தக்குழாய் ஐந்தே முக்கால் சென்டிமீட்டருக்கு உப்பியிருந்தது. வெடித்தால் ஆள் காலி என்றார்கள். தொடை இடுக்கு வழியாகச் செயற்கைக் குழாய் ஒன்றை ஏற்றி உள்ளே பொருத்தினார்கள். மூன்றாம் நாள் வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா இருந்துச்சு" என்று பீற்றிக்கொண்டான்.

கூடப் பிறந்தவர்களையும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் அவளும் போனாள். அவளுக்கும் இருந்தது. நாலு புள்ளி ஒன்பது.

"அஞ்சரை வந்தாத்தான்மா கை வைப்போம். ஆறு மாசம் கழிச்சு வாங்க. சிகரெட்டை விடுங்க, கனமாத் தூக்காதீங்க."

சிகரெட்டை விட்டாள். சம்மட்டியை விட்டால் அடுப்பு எப்படி எரியும்?

நான்காம் மாதம், மூடிக்கிடந்த ஒரு துணி ஆலையை இடித்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டியை ஓங்கும்போது முதுகில் கடப்பாரை பாய்ந்தது போலிருந்தது. எவனோ குத்திவிட்டான் என்று சம்மட்டியோடு திரும்பினாள். பின்னால் யாரும் இல்லை. அப்படியே செங்கல் குவியலில் முகம் குப்புற விழுந்தாள். நெற்றி கிழிந்தது. தம்பி வாரித் தூக்கி லாரியில் போட்டபோது, வலி தாங்காமல் அவன் தோளைப் பல் பதியக் கடித்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் டாக்டர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தம்பிக்குப் போன வழியிலேயே குழாயை ஏற்றப் பார்த்திருக்கிறார். அவளுடைய தொடை ரத்தக்குழாயோ ஒடுக்கம். சற்று அழுத்தியதும் பழந்துணி போலக் கிழிந்தது. மேஜையிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் தேங்கியது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரை பிளந்து, கையை உள்ளே விட்டு, வெடித்த ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்தார்கள். இரண்டு தடவை இதயம் நின்றது. எப்படியோ உயிர் தங்கியது. ஆனால் இடது காலுக்கு ரத்தம் எட்டவில்லை. நாலாம் நாள் கறுத்துப்போன காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

பதினோராம் நாள் அவள் பேசினாள்.

"வெடிச்சப்போ எவ்வளவு இருந்துச்சு?"

"அஞ்சு புள்ளி ஒண்ணு."

"அஞ்சரை வரலையே?"

டாக்டர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அந்த அஞ்சரை பெரும்பாலும் ஆம்பளைங்களைப் பாத்துப் போட்ட கணக்கும்மா. பொம்பளைங்களுக்குக் குழாயே சின்னது, முன்னாடியே வெடிக்கும். சிகிச்சையிலயும் அவங்கதான் அதிகமா சாகறாங்க. உங்களை மூணு மாசத்துலயே கூப்பிட்டுப் பாத்திருக்கணும். தப்பு என்னோடது."

பக்கத்திலிருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து வீசினாள். அவர் புருவம் கிழிந்தது. நர்ஸ் ஓடிவந்து அவள் கையை முறுக்கினாள். "விடுங்க" என்றார் டாக்டர். சட்டையில் ரத்தம் சொட்ட அங்கேயே நின்றார். அவள் வாய்விட்டு அழுதாள். ஒவ்வொரு விம்மலுக்கும் வயிற்றுத் தையல் பிய்ந்துவிடும் போலிருந்தது, அப்படியும் நிறுத்தவில்லை.

"உனக்குப் பதிலா இதெல்லாம் எனக்கு வந்திருக்கக் கூடாதாக்கா?" என்று தம்பி தேம்பினான்.

"உனக்கும்தானேடா வந்துச்சு. உன் அளவுக்குத் தைச்ச சட்டையை எனக்கு மாட்டிவிட்டுட்டாங்க."

செயற்கைக் கால் பழக ஒரு வருஷமாயிற்று. இப்போது பழைய கதவு ஜன்னல் விற்கும் கடையில் உட்கார்ந்து சட்டங்களிலிருந்து ஆணி பிடுங்குகிறாள். சில நாள் இல்லாத பாதம் நெருப்பு வைத்தது போல எரியும். அன்றைக்கு யார் எதிரில் வந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரும்பாலும் தம்பிதான் மாட்டுவான்.