கறுப்பாய்ப் போன பெயர்கள்

இதில் ஒரு சொல்கூட நான் சேர்க்கவில்லை. திருக்காட்டுப்பள்ளியில் பல் டாக்டர் அனீஸாவுக்குப் பட்டப்பகலில் நடந்ததை, அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

இறந்துபோன டாக்டர் நடராசனின் கிளினிக்கை அனீஸா எடுத்து நடத்தத் தொடங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வந்த கையோடு அவருடைய நோயாளி அட்டைகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினாள். வருகிறவர்களுக்கு அவரவர் விவரத்தை அச்சிட்டும் கொடுத்தாள். அட்டைகளைப் பழைய பேப்பர்காரர் அள்ளிக்கொண்டு போனார். பிரசவ விடுப்பு முடிந்து நர்ஸ் மதிவதனி அந்தத் திங்கட்கிழமைதான் வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மேடம், பென்சிலின் ஒத்துக்காதவங்க பேரை டாக்டர் சிவப்பு மையிலதான் எழுதுவாரு. இதுல எல்லாமே கறுப்பா இருக்கே?"

ஸ்கேன் எடுத்தது கறுப்பு வெள்ளையில். சிவப்பு தெரியாமல் போனதால், ஒவ்வாமை என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'இல்லை' என்றே பதிவாகியிருந்தது. இரண்டாயிரம் பேர். அன்று முழுக்க இருவரும் போன் போட்டுப் பார்த்தார்கள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை. யாராவது செத்தால் அது தான் செய்த கொலை என்று அனீஸா வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காலை 11.20. மதிவதனி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. ஆனால் எதிரே ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். தாடையைச் சேர்த்துத் தலையில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார். பல்வலிக்காரர்கள் அப்படி வருவது உண்டு.

என்ன செய்கிறது என்று கேட்டாள். அந்த அம்மா வாய் திறக்கவில்லை. கையை நீட்டித் திரையைத் தட்டினார்.

டக்... ஒரு பெயர்.

அனீஸா அதை எழுதிக்கொண்டு பட்டியலை நகர்த்தினாள். ஏன் எழுதினாள் என்று இன்றும் அவளுக்குத் தெரியாது.

டக்... இன்னொன்று.

11.43. பதினேழாவது பெயர், எல்லையம்மாள். தட்டிய விரல் திரும்பி அவர் நெஞ்சையே தொட்டது.

அனீஸா குனிந்து எழுதினாள்.

நிமிர்ந்தாள்.

நாற்காலி காலி...

ஒவ்வொருவராக அழைத்தாள். பதினாறு பேரும் பென்சிலின் ஒத்துக்காது என்றார்கள். அவர்களில் ஒருவர், அனீஸா எழுதிக்கொடுத்த மாத்திரையை விழுங்கப் போகும் நேரம் அது.

பதினேழாவது எண்ணை எல்லையம்மாளின் மகன் தியாகு எடுத்தார். அம்மாவைக் கொஞ்சம் திரும்ப வரச்சொல்லுங்கள் என்றாள் அனீஸா.



"அம்மா காலைல ஒன்பது மணிக்கே தவறிட்டாங்க. குடவாசல்ல தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்துல பல்லு வலி. ஒத்துக்காத மருந்து இருக்கான்னு கேட்டுட்டுத்தான் அங்க பென்சிலின் ஊசி போட்டாங்க. எல்லாம் நம்ம டாக்டர் எழுதியிருப்பாருன்னு, உங்க கிளினிக்ல கொடுத்த கம்ப்யூட்டர் பேப்பரை அம்மாதான் எடுத்துக் காட்டுச்சு... அதுல 'இல்லை'ன்னு இருந்துச்சுங்க."