குறைக்கச் சொன்ன மூக்குகள்

சென்ற வாரம் வெள்ளவத்தையில், காலி வீதியோரக் கடையொன்றில் மகளுக்குக் கொப்பி வாங்கப் போயிருந்தேன். பிழை அழிக்கும் வெள்ளை மைப் போத்தல் ஒன்றும் கேட்டாள். காய்ந்த சரக்கென்று நாளைக்கு நான் சண்டைக்கு வருவேன் எனப் பயந்தாரோ என்னவோ, கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டினார். அந்த மணம் ஏறியதுதான் தாமதம், எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெள்ளை மையோடு கோபிக்கும் பெண்ணை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார்.

விளங்கச் சொல்வதென்றால், நான் முன்பு வேலை பார்த்த பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம், மெலிந்துபோய் இன்னும் வருகிறது. நான் அங்கே பக்கம் அமைப்பவள். எனக்கு எதிர் மேசை பெனடிக்ட் அண்ணன், கொட்டாஞ்சேனைக்காரர். தலையங்கத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் நாளாந்தம் வரும் கேலிச்சித்திரம் அவருடையது. மந்திரி யாரானாலும் முதலில் மூக்கைத்தான் வரைவார். அது சரியாக விழுந்துவிட்டால் பெயர் எழுதத் தேவையில்லை. கொச்சிக்கடை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வாசிக்கிறவனுக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் ஆசிரியரின் கவலை. நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். படத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "பெனடிக்ட், மூக்கைக் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ. இந்த வயசில வழக்கெண்டு என்னால புதுக்கடைக் கோட்டுப் படி ஏறேலாது" என்பார். பெனடிக்ட் அண்ணன் வெள்ளை மையைப் பூசி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் குட்டி மூக்கொன்றைக் கீறிக் கொடுப்பார். அதுவும் திரும்பி வந்தால் மூக்கே இல்லாமல் போய்விடும். கீழே வசனம் எழுதுவது நான். யாரென்றே தெரியாத ஆட்களைப் பற்றி நான் எழுதிய நகைச்சுவைக்குச் சிரித்தது அநேகமாக நான் மட்டும்தான்.

"ஒரே ஒரு படம், தங்கச்சி," என்பார் அவர். "நான் கீறின மூக்கோட அப்பிடியே பேப்பர்ல வரோணும். அதைப் பாத்திட்டு நான் ரிட்டயர் பண்ணிருவன்."

பிறகு நாடு விழுந்தது. நீங்களும் ஏதோவொரு வரிசையில் நின்றிருப்பீர்கள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. ஆட்கள் களைத்து வீட்டுக்குப் போய்விட, கயிற்றால் பிணைத்த வெறும் சிலிண்டர்கள் அவர்களுக்குப் பதிலாக வீதியில் நின்றன. பெனடிக்ட் அண்ணனும் தன் சிலிண்டரைக் கட்டிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். அதையே வரைந்தார். இலங்கையைச் சுற்றிச் சிலிண்டர் வரிசை. அது தொடங்கும் இடத்தில் ஒரு கடை. கடைக்குள் நாட்டின் பெரியவர். "முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்ற பலகை அவருடைய மூக்கில் தொங்குகிறது. மூக்கைக் குறைத்தால் பலகை விழுந்துவிடும்.

ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். சனம் தெருவில் இறங்கிவிட்டிருந்த நேரம், அவருக்கும் பயம் தெளிந்திருந்தது. "குறைக்க வேண்டாம். அப்பிடியே போடுவம்" என்றார். பெனடிக்ட் அண்ணன் கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தார். நான் பக்கத்தை அமைத்தேன். வசனம் எழுதவில்லை.

அன்று பின்னேரம் அச்சுக்கூட மனேஜர் மேலே வந்தார். "தாள் முடிஞ்சுது. கொண்டெய்னர் ஒருகொடவத்தைச் சுங்கத்தில நிக்குது, எடுக்க டொலர் இல்லையாம்." பத்திரிகை நின்றது. எங்கள் இணையத்தளமோ மரண அறிவித்தலுக்கு மட்டும் என்று வைத்திருந்த ஒன்று. தாள் மலையாகக் கிடந்த வருடமெல்லாம் மூக்குக்கு அனுமதி இல்லை. அனுமதி கிடைத்த அன்று தாள் இல்லை. நினைத்தால் இன்றைக்கும் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றுகிறது.

திரும்பவும் அச்சு ஓடியபோது பெரியவர் பதவியில் இல்லை. "அது இனிப் பழசு, பெனடிக்ட். புது ஆளைக் கீறுங்கோ" என்றார் ஆசிரியர். அவரும் கீறினார். ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"மூக்கைக் கொஞ்சம்..."

பெனடிக்ட் அண்ணன் தூரிகையைக் கழுவி வைத்தார், தன் படக்கட்டைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை.

கரண்ட் போய்ப் போய் வந்ததில் என் கம்பியூட்டரும் எரிந்து, நான் அமைத்த பக்கமும் அதோடு போயிருந்தது. மூலப்படத்தையாவது வாங்கி வைப்போம் என்று சில மாதம் கழித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா தேத்தண்ணி தந்தார். படத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது.

"வேலைய விட்டிட்டு வந்த கிழமை, எங்கட ஒழுங்கைக்கு இன்னும் காஸ் வரல்ல. விறகும் ஈரம். படம் கீறின மட்டை நல்லாப் பத்தும் எண்டு இவர்தான் கட்டோட எடுத்துத் தந்தவர்."

"ஓம்," என்றார் பெனடிக்ட் அண்ணன். "அண்டைக்குச் சோறு வெந்தது."

அலுவலகத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகள் பூச்சிமருந்து போட்டுப் பத்திரமாக இருக்கின்றன. நாடு எப்படிப் போனதென்று அறிய யாராவது ஒருநாள் அவற்றைப் புரட்டுவார்கள். மூக்கில்லாத யாரோ சிலர் வந்து கெடுத்துவிட்டுப் போனார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.