எதிர்க்கடை ஜெயவேலு

ராஜகீழ்ப்பாக்கம் முனையில் அப்துல் கஃபாரும் ஜெயவேலுவும் எதிரெதிரே கடை வைத்திருந்தார்கள். இருவருக்கும் ஒரே தொழில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. அதனால் பேச்சு “சாப்பிட்டாச்சா”வைத் தாண்டியதில்லை. போதாததற்கு ஜெயவேலு சாமி கும்பிடாதவர். ஊர்த் திருவிழா அன்றுகூடக் கடையைத் திறந்து வைத்திருப்பார். மேலே ஒருவன் பார்க்கிறான் என்ற பயமில்லாத மனுஷனை எப்படி நம்புவது என்று கஃபார் தன் மனைவி ஷம்சாத்திடம் சொல்லியிருக்கிறார்.

2004 கோடையில் நிலத்தடி நீர் இறங்கிப்போய், வீட்டுக்கு வீடு மோட்டார் எரிந்தது. கஃபாரின் கடையில் மோட்டார்கள் குவிந்து கிடந்த அந்தச் சமயத்தில்தான் அவர் வண்டியோடு சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு உட்கார்ந்து, வருகிறவர்களை எதிர்க்கடைக்குக் கைகாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் ஜெயவேலு தன் கடையைச் சாத்திவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார்.

“கை எப்டி கீது பாய்? அந்த ஸ்டூல இப்டி தள்ளுங்க.”

கேட்காமலே ஒரு மோட்டாரைப் பிரித்துக் கம்பி சுற்றத் தொடங்கினார். தினமும் வந்தார். கஃபாரின் வாடிக்கையாளர்கள் தன்னிடம் வந்தால், “அது பாய் கிட்டயே குடுங்க, ஆய்டும்” என்று திருப்பி அனுப்பினார்.

கஃபாருக்குப் பொறுக்கவில்லை. “நீங்க சொர்க்கம் நரகம் எதையும் நம்புறதில்ல. அப்புறம் எதுக்கு இதெல்லாம்?”

“நாளைக்கு என் கை ஒடஞ்சா நீங்க வர மாட்டீங்களா? சுயநலம்தான்.”

அந்தப் பதில் கஃபாருக்கு நிம்மதியாக இருந்தது. கடனை ஒருநாள் தீர்த்துவிடலாம்.

கட்டுப் பிரிக்கும் வாரத்தில் ஜெயவேலுவின் மனைவி தாயாரம்மாள் நலம் விசாரிக்க வீட்டுக்கு வந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: “அவருக்குக் கண்ணு மங்கிகினு வருது. டாக்டரு தொழில வுடச் சொல்லி மாசக்கணக்காச்சு. ஆடி பொறந்ததும் கடைய மூடிட்டு நாவலூர்ல மவ வூட்டுக்குப் போறோம்.”

அன்று சாயங்காலம் தன் கடைக்கு வந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தவரிடம் கஃபார் கேட்டார். “தொழிலயே வுடப்போறவருக்கு என் கை எதுக்கு ஜெயவேலு?”

ஜெயவேலு கம்பியைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தபடி இருந்தார். “கேட்டீங்களேன்னு ஒரு பதில் சொன்னேன். நெசமா எனக்கே தெரியாது பாய். நீங்க சும்மா குந்திகினு இருக்கறதப் பாத்துகினு அங்க வேல செய்ய முடியல. அவ்ளோதான்.”

“உங்கள அல்லாதான் அனுப்பினான்.”

“அனுப்புனவருக்கு நன்றி சொல்லுங்க, வேணான்னு சொல்லல. வந்தவனுக்கு ஒரு டீ சொல்லுங்க.”

கஃபார் சிரித்தார். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைத் தொழுகையில், கட்டுப் பிரித்த கையையும் சேர்த்து ஏந்தியபோது, வழக்கமாகக் கேட்கும் எதையும் அவர் கேட்கவில்லை. ஜெயவேலுவின் பெயரைச் சொல்லி துஆ கேட்டால் அவர் அதை விரும்புவாரா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு பெயரைச் சொல்லாமல், அந்தக் கண்களுக்காக மட்டும் மன்றாடினார்.