மீரான் அண்ணாச்சி என்னிடம் கொடுத்த அட்டை

வண்ணார்பேட்டையில் பேருந்துக்காக நின்றிருந்தபோது நண்பர் பேச்சிமுத்து அலைபேசியில் கூப்பிட்டார். "நம்ம மீரான் அண்ணாச்சி போயிட்டாரு வே. காலைல தொழுதுட்டு வந்து உக்காந்தவரு, அப்படியே சாஞ்சுட்டாராம்." மேலப்பாளையத்துக்குப் போகும் வழியில் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி அவரிடம் சொல்ல முடியாதே என்ற நினைப்புதான்.

நான் நிருபராக இருந்த நாளிதழில் செய்யது மீரான் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். எழுத்துப்பிழையோடு அவர் நிறுத்திக்கொள்வதில்லை. சீவலப்பேரியில் பாலம் மூழ்கியதாக ஒரு மழைக்காலத்தில் எழுதிக் கொடுத்தேன். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார். "நேர்ல பாத்தீரா வே?" போனில் கேட்டதாகச் சொன்னேன். "டவுன் பஸ் ஓடுதுல்லா? போயிப் பாத்துட்டு வாரும்." போனேன். பாலத்தின் மேல் ஆடுகள் நடந்துகொண்டிருந்தன. திரும்பி வந்து அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இனிமே நீரு விசாரிச்சேன்னு சொன்னா நான் மறுவார்த்தை கேக்க மாட்டேன்" என்றார். அப்படியே இருந்தார்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, மருந்துக்கடை பேச்சிமுத்துவையும் சேர்த்துக்கொண்டு, முதுகில் பையை மாட்டி தாய்லாந்து போனோம். அவசரமே இல்லாத பயணம். மெதுவான ரயில்களில் ஏறி, பிடித்த ஊரில் இறங்கினோம். பேச்சிமுத்து சுத்த சைவம். "கடல் தாண்டி வந்தும் வாழப்பழந்தானா வே? நயினார்குளம் மார்க்கெட்லயே தின்னிருக்கலாமே" என்பார் அண்ணாச்சி. "உம்ம அட்டய நீட்டாம உமக்குப் பச்சத்தண்ணி எறங்குதா? பேச வந்துட்டாரு!" என்பார் பேச்சிமுத்து.

அந்த அட்டை, பாங்காக்கில் பள்ளிவாசல் அருகே ஒரு கடைக்காரர் தாய் மொழியில் எழுதிக் கொடுத்தது. 'நான் பன்றி உண்பதில்லை. இதில் அது இருக்கிறதா?' அண்ணாச்சி அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு கடையிலும் காட்டிய பிறகுதான் உட்காருவார்.

சியாங் மாயில் ஒரு மதியம் நன்றாக நனைந்துவிட்டோம். பேச்சிமுத்து பழம் தேடிப் போயிருந்தார். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி. ஒரு நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்து, அட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "நீரே கேட்டுட்டு வாங்கியாரும்." வரிசை நீளமாக இருந்தது. எனக்குப் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். பானையில் கோழி போலத் தெரிந்தது. விரலால் காட்டி இரண்டு கிண்ணம் வாங்கினேன். அட்டை சட்டைப் பையில் இருந்தது.

"கேட்டீரா?"

"கேட்டேன் அண்ணாச்சி. கோழிதான்."

அவர் மறுவார்த்தை கேட்கவில்லை. "வந்ததுலயே இதுதாம்வே ருசி" என்று சாறு வரைக்கும் குடித்தார். எனக்கு உறுத்தியது. காசு கொடுக்கும்போது அட்டையைக் கடைக்காரப் பெண்ணிடம் காட்டினேன். படித்ததும் அவள் முகம் மாறியது. பானையைக் காட்டித் தலையசைத்தாள். இருக்கிறது. அண்ணாச்சியை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தாள். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

"என்ன வே சொல்லுதா?"

"நல்லா இருந்துச்சான்னு கேக்கா."

அவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து அவளைப் பார்த்துச் சிரித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "உம்மகிட்டயே இருக்கட்டும். கேக்கது உம்ம தொழில்லா" என்றார். மீதி நாளெல்லாம் ஒரு கடை விடாமல் காட்டினேன். ஊர் திரும்பிய பிறகு வாரம் ஒருமுறையாவது சேர்ந்து டீ குடித்தோம். சொல்லவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் அவர் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியாம சாப்பிட்டவருக்கு ஒரு குத்தமும் இல்ல. ஆனா அவருகிட்ட நீங்க சொல்லியிருக்கணும்" என்றார். இதை எழுதலாமா என்று கேட்டேன். "நேர்ல பாத்தீரான்னுதான் அண்ணன் கேப்பாரு. பாத்தீங்கள்லா? எழுதுங்க."

அவருடைய கண்ணாடியை அவர் மகள் வைத்திருக்கிறாள். சிவப்புப் பேனாவை அலுவலகத்தில் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டார். என்னிடம் அந்த அட்டை இருக்கிறது. மழையில் நனைந்த ஓரம் சுருங்கியிருக்கிறது, எழுத்து அழியவில்லை. அதைக் காட்ட வேண்டிய இடத்தில் நான் காட்டவில்லை.